கட்டிலருகே வரும் ஹவுஸ் சர்ஜன்

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் உங்கள் அப்பாவைச் சேர்த்திருக்கிறீர்கள். மறுநாள் காலை ஆறரை மணி. காப்பி வாங்கப் போன தம்பி இன்னும் வரவில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு சின்னப் பெண், கையில் ட்ரேயுடன் கட்டிலருகே வந்து நிற்கிறார். ட்ரேயில் ஊசி, பஞ்சு, கலர் கலராக மூடி போட்ட குழாய்கள். “ஐயா, உங்க பேர் சொல்லுங்க” என்கிறார். இவர் டாக்டரா, நர்ஸா, படிக்கிற பிள்ளையா என்று உங்களுக்குச் சந்தேகம் வருகிறது.

அவர் டாக்டர்தான். ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்) என்று வெளியே சொல்வோம். தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளுக்குள் எல்லோர் வாயிலும் வருவது ‘சி.ஆர்.ஆர்.ஐ.’ என்ற பெயர். கட்டாயமாக, துறைதுறையாக மாறி, வளாகத்திலேயே தங்கிச் செய்யும் பயிற்சி என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. பல வருடங்களுக்கு முன் தென்மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் அந்த ட்ரேயைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் நான். நோயாளியின் கூட இருப்பவர்கள் இந்தப் பிள்ளைகளைப் பற்றி என்னிடம் கேட்கும் கேள்விகளுக்குத்தான் இங்கே பதில் சொல்கிறேன்.

படிப்பை முடித்துவிட்டாரா? பாடத்தை முடித்துவிட்டார், பயிற்சியை முடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். மொத்தம் ஐந்தரை வருடம். முதல் நாலரை வருடம் வகுப்பும் தேர்வும். கடைசித் தேர்வில் தேறியதும் மாநில மருத்துவக் கவுன்சில் தற்காலிகப் பதிவு கொடுக்கும். அதை வைத்து ஆஸ்பத்திரிக்குள், மூத்த டாக்டரின் மேற்பார்வையில் மட்டும் வைத்தியம் பார்க்கலாம். வெளியே தன் பெயரில் போர்டு மாட்ட முடியாது. 12 மாதப் பயிற்சி முடிந்த பிறகுதான் நிரந்தரப் பதிவு.

அப்படியானால் அப்பாவுக்கு என்ன மருந்து என்று தீர்மானிப்பது இவரா? தனியாக இல்லை. வார்டு ‘யூனிட்’ கணக்கில் நடக்கிறது. ஒவ்வொரு யூனிட்டுக்கும் தலைவராக ஒரு பேராசிரியர். அவரை எல்லோரும் ‘சீஃப்’ என்பார்கள். அவருக்குக் கீழே ‘ஏ.பி.’ என்று அழைக்கப்படும் உதவிப் பேராசிரியர்கள். அடுத்து மேற்படிப்புப் படிக்கும் பி.ஜி. டாக்டர்கள். அதற்கும் அடுத்த படியில் சி.ஆர்.ஆர்.ஐ. உங்களை அதிகம் தொடுகிறவர், உங்கள் பக்கத்தில் அதிக நேரம் நிற்கிறவர் இந்தக் கடைசிப் படியில் இருப்பவர். அதிகாரம் மிகக் குறைவாக உள்ளவரும் அவரே. இது புரிந்துவிட்டால் ஆஸ்பத்திரியில் உங்கள் மனக்கஷ்டம் பாதி குறையும்.

முதல் நாளே ஒன்று செய்யுங்கள். “எந்த யூனிட், சீஃப் பேர் என்ன?” என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கட்டில் மாறலாம், வார்டு மாறலாம். யூனிட் பெரும்பாலும் மாறாது. “மூணாவது மாடி, ஜன்னலோரக் கட்டில்” என்று தேடிக்கொண்டு போனால் யாருக்கும் தெரியாது. “மெடிசின் ரெண்டாவது யூனிட்” என்றால் உடனே வழிகாட்டுவார்கள்.

எதைக் கேட்டால் அவரால் முடியாது? மூன்று கையெழுத்து. லீவுக்கான மெடிக்கல் சர்டிஃபிகேட், இறப்புச் சான்று, போலீஸ் வழக்கு சம்பந்தப்பட்ட எந்தக் காகிதமும் (விபத்து, அடிதடி, விஷம் குடித்தது போன்றவை) ஹவுஸ் சர்ஜன் தன் கையெழுத்தில் கொடுக்கக் கூடாது. பயிற்சி விதியே அப்படித்தான் சொல்கிறது. ‘ஏ.ஆர். காப்பி’ (விபத்துப் பதிவேட்டின் நகல்) வேண்டும் என்று இரவு பன்னிரண்டு மணிக்கு அவரைச் சுற்றி நின்று சத்தம் போடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். அவர் மறுக்கிறார் என்றால் திமிரில் மறுக்கவில்லை, முடியாது என்பதால் மறுக்கிறார். அந்த நேரத்து டூட்டி மெடிக்கல் ஆபீசரைக் கேளுங்கள்.

இனி அந்த ட்ரேக்கு வருவோம். அவருடைய நாள் தொடங்குவது அங்கேதான்.

விடியற்காலையிலேயே ஏன் ரத்தம் எடுக்கிறார்கள்? சில பரிசோதனைகளுக்கு வெறும் வயிறு வேண்டும். இன்னொன்று, எட்டு மணி வாக்கில் லேபுக்குப் போனால்தான் மதியத்துக்குள் ரிசல்ட் வரும், அதைப் பார்த்து அன்றைக்கே மருந்தை மாற்ற முடியும். முப்பது கட்டில் உள்ள வார்டில் இரண்டு ஹவுஸ் சர்ஜன்கள் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு ரவுண்ட்ஸுக்கு (சீஃப் கட்டில் கட்டிலாக வந்து பார்ப்பது) முன் முடித்தாக வேண்டும். அதனால்தான் அந்த அவசரம்.

“நேத்துதானே தாயி எடுத்த, இன்னைக்கும் எதுக்கு?” என்று கேட்காத பாட்டி இல்லை. கேள்வி நியாயமானதுதான். டெங்குக் காய்ச்சலில் தட்டணுவும் (ரத்தம் உறைய உதவும் நுண்ணணு) ரத்தத்தின் அடர்த்தியும் ஒரே நாளில் மாறிவிடும். சிறுநீரகக் கோளாறில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு), பொட்டாசியம் இரண்டையும் அடிக்கடி பார்க்காவிட்டால் ஆபத்து. எடுக்கும் அளவு பயப்படும்படி இருக்காது. ஒரு குழாய்க்கு 2 முதல் 5 மில்லி. மூன்று குழாய் எடுத்தாலும் இரண்டு, மூன்று டீஸ்பூன்தான் வரும். பெரியவர்கள் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது.

மூடிகள் ஏன் பல நிறம்? ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து தடவியிருக்கும். அணுக்களை எண்ண அது. சிவப்பு மூடிக் குழாயில் ரத்தத்தை உறையவிட்டு, மேலே தெளியும் நீரை எடுத்துச் சோதிப்பார்கள். நீல மூடி, ரத்தம் உறைய எத்தனை நேரம் ஆகிறது என்று பார்க்க. அதில் கோடு வரைக்கும் சரியாக நிரப்ப வேண்டும். குறைந்தாலோ, ஊதாக் குழாயில் ரத்தம் கட்டிவிட்டாலோ லேப் திருப்பி அனுப்பிவிடும். பத்து மணிக்கு அவர் தயங்கித் தயங்கி மறுபடியும் வந்து நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

நரம்பு கிடைக்காவிட்டால்? வயதானவர்கள், பல நாள் சாப்பிடாதவர்கள், கீமோதெரபி எடுத்தவர்கள் ஆகியோருக்கு ரத்தக் குழாய் சுருங்கியிருக்கும். ஒரு பாட்டிக்கு நான் இருபது நிமிடம் தேடியிருக்கிறேன். கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப் போடச் சொல்லி, வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி, புறங்கையில் விரலால் மெல்லத் தட்டி, கடைசியில் கட்டைவிரல் ஓரத்தில் ஒரு நூல் மாதிரி ஒன்று எழும்பியது. ஊசி இறங்கியதும் “கெடச்சிருச்சா கண்ணு?” என்று என்னைவிட அவர்தான் சந்தோஷப்பட்டார். எல்லோருக்கும் அவ்வளவு பொறுமை இருக்காது, இருக்க வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். இரண்டு தடவை குத்தியும் கிடைக்கவில்லை என்றால், “டாக்டர், பி.ஜி. டாக்டரையோ சிஸ்டரையோ கூப்பிட்டுப் பாருங்களேன்” என்று நீங்கள் சொல்லலாம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பல சமயம் அவருக்கே அது நிம்மதியாக இருக்கும்.

கையை நீட்டும் முன் அவரிடம் சொல்ல வேண்டிய சில விஷயங்கள் உண்டு. டயாலிசிஸுக்காக ஒரு கையில் ஃபிஸ்டுலா (ரத்தக் குழாய்களை இணைத்துச் செய்த பாதை) போட்டிருந்தால் அந்தக் கையைக் கொடுக்கவே கூடாது. ஊசி போடவும் கூடாது, பிரஷர் பார்க்கவும் கூடாது. மார்பகப் புற்றுக்கு ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையையும் தவிர்க்கச் சொல்லுங்கள். டிரிப்ஸ் ஏறும் கையில் எடுத்தால் குளுக்கோஸ் கலந்து ரிசல்ட் தப்பாக வரும். ரத்தம் இளகும் மாத்திரை சாப்பிட்டால் சொல்லிவிட்டு, எடுத்த இடத்தைக் கூடுதல் நேரம் அழுத்திப் பிடியுங்கள். ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருமா, அதையும் சொல்லுங்கள், படுக்கவைத்து எடுப்பார்கள்.

இப்போது நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்கிறேன். அது உங்களுக்கு உதவும்.

அட்மிஷன் டூட்டியில் ஒருநாள் அதிகாலை மூன்று மணி. அடுத்தடுத்த கட்டிலில் ஒரே பெயர் கொண்ட இரண்டு பெண்கள். இரண்டு பேருக்கும் ரத்தம் ஏற்ற வேண்டும், பிளட் பேங்குக்குச் சாம்பிள் அனுப்ப வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்த, சிஸ்டர் மேஜையிலேயே நின்று இரண்டு குழாய்களிலும் முன்கூட்டியே பெயரும் நம்பரும் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். முதல் கட்டிலில் எடுத்ததை இரண்டாவது குழாயில் ஊற்றிவிட்டேன். பிளட் பேங்கில் இருந்தவர் பழைய பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர். “இந்தம்மா போன தடவை ஓ பாசிட்டிவ், இப்ப பி பாசிட்டிவ்னு வருதே டாக்டர், மறுபடி சாம்பிள் அனுப்புங்க” என்று போன் செய்தார். வேறு வகை ரத்தம் ஏறினால் உயிரே போகலாம். அன்று யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அந்த போனுக்குப் பிறகு, நோயாளி வாயால் பெயர் சொல்லாமல், அவர் கட்டிலருகே நிற்காமல், எந்தக் குழாயிலும் நான் எழுதியதில்லை.

அதனால்தான் அவர் தினமும் பெயர் கேட்கிறார். ‘நேற்றுப் பார்த்த ஆள்தானே, இதுகூட ஞாபகம் இல்லையா’ என்று சலித்துக்கொள்ளாதீர்கள். முழுப் பெயர், அப்பா பெயர் அல்லது கணவர் பெயர், வயது மூன்றையும் நீங்களே சொல்லுங்கள். “நீங்க லட்சுமிதானே?” என்று கேட்டால் தூக்கக் கலக்கத்தில் யாரும் “ஆமா” என்றுதான் சொல்வார்கள். எடுத்த கையோடு உங்கள் எதிரிலேயே குழாயில் எழுதுகிறாரா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால், “இங்கயே பேர் எழுதிருங்க டாக்டர்” என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ரத்தம் ஏற்றும்போது பையில் உள்ள வகையையும் பெயரையும் இரண்டு பேர் சேர்ந்து வாசித்துச் சரிபார்க்கிறார்களா என்றும் கவனியுங்கள்.

ஊசி அவருக்கும் ஆபத்துதான். ரத்தம் எடுத்த ஊசி அவர் விரலில் குத்திவிட்டால் மஞ்சள் காமாலைக் கிருமியோ எச்.ஐ.வி.யோ தொற்றலாம். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். குறைவுதான், ஆனால் 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் சில மணி நேரத்திலேயே, தடுப்பு மாத்திரை தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த 28 நாளும் அவர் வேலைக்கு வருவார், உங்களுக்கு அது தெரியாது. ஆகவே குத்தும்போது கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். குழந்தை என்றால் இரண்டு பேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். தொற்று இருந்தால் அவரிடம் மெதுவான குரலில் சொல்லிவிடுங்கள். எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக யாரும் வைத்தியத்தை மறுக்கக் கூடாது, வெளியே சொல்லவும் கூடாது. 2017-இல் வந்த சட்டம் இரண்டுக்கும் உங்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது.

சாம்பிள் முடிந்ததும் ரவுண்ட்ஸ். கூட இருப்பவர்களைப் பெரும்பாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள். சீஃப் கட்டிலருகே வந்ததும் பி.ஜி.யோ ஹவுஸ் சர்ஜனோ உங்கள் அப்பாவின் கதையை ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்வார். பயப்படாதீர்கள், கெட்ட செய்தியை மறைப்பதற்காக ஆங்கிலம் பேசவில்லை. படித்த மொழியில் அவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்ல வருகிறது, அவ்வளவுதான்.

இங்கேதான் உங்களுக்கு ஒரு பெரிய வாய்ப்பு இருக்கிறது. சீஃப் உங்கள் கட்டிலில் நிற்பது சில நிமிடம். ஹவுஸ் சர்ஜனோ அதற்கு முன் ஒரு மணி நேரம் அந்த வார்டில் சுற்றியவர். ராத்திரி காய்ச்சல் வந்ததா, எத்தனை தடவை சிறுநீர் போனார், சாப்பிட்டதை வாந்தி எடுத்தாரா, உளறினாரா என்பதையெல்லாம் ரத்தம் எடுக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் வழியாக அது சீஃப் காதுக்குப் போகும். நாட்டு மருந்து கொடுத்தீர்களா, மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தாமாகவே மாத்திரை வாங்கிச் சாப்பிட்டாரா, குடிப்பழக்கம் உண்டா என்பதையும் மறைக்காதீர்கள். வலி மாத்திரை பல நாள் சாப்பிட்டால் சிறுநீரகம் கெடலாம். குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், பிதற்றல் வரும், வலிப்புகூட வரும். முன்பே தெரிந்தால் அதற்கு மருந்து உண்டு. பெரியவர்களிடம் சொல்ல வெட்கப்படுவதைச் சின்ன டாக்டரிடம் சொல்வது எளிது. என் பயிற்சி வருடத்தில் பல உண்மைகள் அப்படித்தான் என்னிடம் வந்தன.

“நல்லாயிருவாராம்மா?” என்று கேட்டால் ஏன் மழுப்புகிறார்? அந்தப் பதிலைச் சொல்லும் இடத்தில் அவர் இல்லை. தப்பாக நம்பிக்கை கொடுத்தாலும் தப்பு, தப்பாகப் பயமுறுத்தினாலும் தப்பு. அவரிடம் இப்படிக் கேளுங்கள்: “ரவுண்ட்ஸ்ல என்ன முடிவு பண்ணாங்க? இன்னைக்கு என்ன டெஸ்ட்? யார்கிட்ட பேசினா விவரம் சொல்லுவாங்க?” இந்த மூன்றுக்கும் அவரிடம் பதில் உண்டு. நோய் எப்படிப் போகும் என்பதை ரவுண்ட்ஸ் முடிந்தபின் ஏ.பி.யிடமோ பி.ஜி.யிடமோ கேளுங்கள். வீட்டிலிருந்து ஒருவரே தொடர்ந்து பேசுங்கள். காலையில் மகன், மதியம் மருமகள், மாலையில் சித்தப்பா என்று ஆளாளுக்கு வந்து கேட்டால் ஒவ்வொருவர் காதிலும் ஒவ்வொரு விதமாக விழுந்து வீட்டில் சண்டைதான் வரும்.

ரவுண்ட்ஸ் முடிந்தபின் அவர் எங்கே காணாமல் போகிறார்? கோட்டுப் பையில் நாலாக மடித்த ஒரு தாள் இருக்கும். கட்டில் நம்பர், பக்கத்தில் செய்ய வேண்டிய வேலை, முடிந்தால் ஒரு டிக். ஸ்கேனுக்குத் தேதி, இதய டாக்டரின் ஒப்பீனியன் (வேறு துறை மருத்துவரின் கருத்து), ஆபரேஷனுக்கு மயக்க டாக்டரிடம் ஃபிட்னஸ், பிளட் பேங்க், மாலைக்குள் வாங்க வேண்டிய ரிப்போர்ட். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கட்டடத்தில். ஸ்கேன் தேதி தள்ளிப்போனால் அவரைத் திட்டுவதில் பயன் இல்லை, தேதி கொடுக்கும் நோட்டு அவர் கையில் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டில் ஆபரேஷன் என்றால் ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை மூன்றையும் நகலோடு முதல் நாளே கொண்டுவந்துவிடுங்கள். ஒரு நகல் இல்லாமல் தள்ளிப்போன ஆபரேஷன்களை நான் கண்டிருக்கிறேன்.

அட்மிஷன் டே என்பது என்ன? வாரத்தில் ஒருநாள் வரும் புது நோயாளிகள் எல்லோரும் ஒரு யூனிட்டின் பொறுப்பு. அன்று காலை எட்டு மணிக்கு ஏறும் டூட்டி மறுநாள் காலைதான் இறங்கும். இறங்கியதும் வீட்டுக்குப் போக முடியுமா? இரவு வந்தவர்களை ரவுண்ட்ஸில் சொல்ல வேண்டும், அவர்களுக்கு எழுதிய டெஸ்டுகளை முடிக்க வேண்டும். எனக்கு அது முப்பது மணி நேரத்தைத் தாண்டிய நாட்கள் உண்டு.

தூக்கம் இல்லாத டாக்டர் தப்புச் செய்வாரா? செய்வார். அதை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 24 மணி நேரத்துக்கு மேல் நீளும் டூட்டி பார்த்த முதல் வருட டாக்டர்கள், நேரம் குறைக்கப்பட்ட முறையில் வேலை பார்த்ததைவிட சுமார் 36 சதவீதம் அதிகமாகக் கடுமையான தவறுகள் செய்தார்கள் என்று தெரியவந்தது. ஒரே மாதிரி படித்த பிள்ளைகள்தான், வித்தியாசம் தூக்கத்தில் இருந்தது. என் சாம்பிள் குழாய்த் தப்பும் அதிகாலை மூன்று மணிக்குத்தான் நடந்தது. இந்த நீண்ட டூட்டியைப் பிள்ளைகளின் உறுதிக்கு வைக்கும் பரீட்சையாகப் பார்ப்பதை மூத்தவர்கள் நாங்கள் நிறுத்த வேண்டும். கட்டிலில் படுத்திருப்பவரின் பாதுகாப்பு அதில் அடங்கியிருக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்? இரவு இரண்டு மணிக்கு ஊசி போட வந்தால், “இது என்ன மருந்து டாக்டர்? அப்பாவுக்குப் பென்சிலின் ஒத்துக்காது” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒவ்வாமையைக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். கேள்வி கேட்டால் கோபிப்பாரோ என்று தயங்காதீர்கள். பாதித் தூக்கத்தில் இருக்கும் ஆளை உங்கள் கேள்வி விழிக்க வைக்கும்.

பிரசவ வார்டில் இந்தப் பயிற்சி வருடத்தின் வேறொரு முகத்தைப் பார்க்கலாம். இப்போதைய விதிப்படி மகப்பேறு பிரிவுக்கு 7 வாரம். சென்னை மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் இதற்கு எழும்பூர் மகப்பேறு ஆஸ்பத்திரிக்கும் திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரிக்கும் போவார்கள். உங்கள் மகளின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தையே பார்த்தபடி ஒருவர் பேசாமல் நின்றுகொண்டிருப்பார். ‘ஒன்றும் செய்யாமல் நிற்கிறாரே’ என்று தோன்றும். பத்து நிமிடத்தில் வயிறு எத்தனை தடவை இறுகுகிறது, ஒவ்வொரு தடவையும் எத்தனை விநாடி நீடிக்கிறது என்று அவர் எண்ணுகிறார். உள்ளங்கைக்குக் கீழே வயிறு கல்லாக இறுகி மெல்லத் தளர்வதை எண்ண வேறு கருவி தேவையில்லை. அரைமணிக்கொரு தரம் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்பார். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருந்தால் சரி. குழந்தை வெளிவரும் கட்டத்தில் ஐந்து நிமிடத்துக்கொரு தரம். எண்ணிக்கை மாறினால் உடனே மேடத்தைக் கூப்பிட ஓடுவார். அவர் எண்ணும்போது மட்டும் பேச்சுக் கொடுக்காதீர்கள். பனிக்குடம் உடைந்த நேரம், தண்ணீரின் நிறம், குழந்தையின் அசைவு குறைந்ததா, இவற்றைக் கேட்காமலே சொல்லுங்கள். தண்ணீர் பச்சையாக வந்தது என்றால் அது அவசரச் செய்தி.

ஹவுஸ் சர்ஜனை உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பார்த்திருப்பீர்கள். சமுதாய மருத்துவத்துக்கு 12 வாரம், அதில் கிராமத்து வேலையும் உண்டு. புதன்கிழமை தடுப்பூசி நாளில் கைக்குழந்தைகளுக்கு நடுவே நிற்பார். பெரிய ஆஸ்பத்திரியைவிட அங்கே பேச நேரம் அதிகம். சர்க்கரை மாத்திரையை எப்போது சாப்பிடுவது, ஸ்கேன் ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்றெல்லாம் அங்கே நிதானமாகக் கேட்கலாம்.

போன வாரம் பார்த்த டாக்டர் எங்கே போனார்? இதைக் கேட்டு ஏமாந்தவர்கள் நிறைய. பொது மருத்துவம், அறுவை சிகிச்சை இரண்டிலும் ஆறாறு வாரம். கண், காது மூக்குத் தொண்டை, எலும்பு போன்றவை இரண்டிரண்டு வாரம்தான். அந்த வாரம் முடிந்ததும் அவர் அடுத்த பிரிவுக்குப் போய்விடுவார். உங்கள் அப்பாவின் கதையை நெஞ்சில் வைத்திருந்த பிள்ளை போய், ஒன்றும் தெரியாத புதுப் பிள்ளை வந்து நிற்கும். கேஸ் ஷீட்டில் எல்லாம் இருக்கும், ஆனால் முப்பது பேரின் கேஸ் ஷீட்டை முதல் நாளே படித்துவிட முடியாது. ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். சேர்ந்த தேதி, முக்கியமான ரிசல்ட், செய்த ஆபரேஷன், ஒத்துக்கொள்ளாத மருந்து, தினமும் சாப்பிடும் மாத்திரைகள் என்று எழுதி வாருங்கள். புது முகம் வந்ததும் அதை நீட்டுங்கள். அவர் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவார்.

எப்படிக் கூப்பிடுவது? “டாக்டர்” என்றே கூப்பிடுங்கள். ஆண் பிள்ளையை “சார்” என்கிறவர்கள், அதே கோட்டுப் போட்ட பெண் பிள்ளையை “சிஸ்டர்” என்பது வாடிக்கையாகிவிட்டது. நர்ஸ் வேலை குறைந்தது என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் மருந்து விவரத்தை யாரிடம் சொன்னோம் என்பதில் உங்களுக்கே குழப்பம் வந்துவிடும். பாட்டிமார் “கண்ணு”, “தாயி” என்று கூப்பிடுவதை எந்தப் பிள்ளையும் தப்பாக எடுத்துக்கொள்ளாது.

பணம் ஏதாவது கொடுக்க வேண்டுமா? வேண்டாம். பயிற்சிக்கு அரசு மாதா மாதம் உதவித்தொகை கொடுக்கிறது. வார்டில் யார் காசு கேட்டாலும் ஆர்.எம்.ஓ. (ஆஸ்பத்திரி நிர்வாகத்தைக் கவனிக்கும் மருத்துவ அலுவலர்) அறையில் சொல்லுங்கள்.

குறை இருந்தால்? முதலில் டூட்டி பி.ஜி., அடுத்து ஏ.பி., பிறகு ஆர்.எம்.ஓ. அரசின் 104 எண்ணிலும் சொல்லலாம். கையை மட்டும் ஓங்காதீர்கள். இரவில் ஒரு உயிர் போனால், அந்த நேரத்தில் கட்டிலருகே நிற்பவர் பெரும்பாலும் இந்த இருபத்து மூன்று வயதுப் பிள்ளைதான். நெஞ்சை அழுத்தி அழுத்தி அவர் தோள் மரத்துப்போயிருக்கும். உறவினர்களின் கோபம் முதலில் விழுவது அவர் மேல். தமிழ்நாட்டில் 2008-ஆம் வருடச் சட்டப்படி ஆஸ்பத்திரியில் பணியாற்றுகிறவர்களைத் தாக்குவது ஜாமீனில் விட முடியாத குற்றம். 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் நீண்ட டூட்டியில் இருந்த பி.ஜி. டாக்டர் ஒருவர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே கொல்லப்பட்ட பிறகு, பூட்டக்கூடிய ஓய்வறை, வெளிச்சமான நடைபாதை போன்ற சாதாரணக் கோரிக்கைகளையும் நாடெங்கும் டாக்டர்கள் வைத்தார்கள்.

கடைசியாக, வீட்டுக்குப் போகும் நாள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பெரும்பாலும் எழுதுவது ஹவுஸ் சர்ஜன்தான், பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சேர்த்து, மதியத்துக்குள். கேஸ் ஷீட் ஆஸ்பத்திரியிலேயே இருந்துவிடும், உங்களோடு வருவது இந்தத் தாள் மட்டும். படியிறங்கும் முன் அவர் எதிரிலேயே பிரித்துப் பாருங்கள். பெயரும் வயதும் சரியா? நோயின் பெயர் எழுதியிருக்கிறதா? எந்த மாத்திரை எத்தனை நாள், எதை நிறுத்தக் கூடாது? பழைய சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைத் தொடர வேண்டுமா? புரியாத இடத்தில் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள், தருவார். எந்த அறிகுறி வந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே ஓடிவர வேண்டும் என்று கேட்டு அதையும் எழுதி வாங்குங்கள்.

மறுபடி காட்ட வரும் நாள் உங்கள் யூனிட்டின் ஓ.பி. (வெளிநோயாளிகளைப் பார்க்கும்) நாளாக இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை யூனிட்டின் நோயாளி வியாழக்கிழமை வந்தால், வேறு டாக்டர்கள் முதலிலிருந்து கேட்பார்கள், அல்லது வேறு நாள் வரச் சொல்வார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறி வந்தவர்கள் அப்படித் திரும்பிப் போவதை நான் கண்டிருக்கிறேன். “எங்க யூனிட் ஓ.பி. என்ன கிழமை டாக்டர்?” என்று கேட்டு, அந்தக் கிழமையைச் சம்மரியின் மேலேயே பெரிதாக எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.